உங்களுக்குத் தெரியுமா? உரிமம் பாருக்கு, பார்டெண்டருக்கு அல்ல

சேர்வராயன் மலையில் உள்ள ஏற்காட்டில் பார்டெண்டர் வேலைக்குச் சேர அரசு உரிமம் எதுவும் தேவையில்லை. 1981ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுபான உரிம விதிகளின்படி உரிமம் இடத்துக்குத்தான், ஆளுக்கு அல்ல. மனமகிழ் மன்றத்துக்கு எஃப்.எல்.2, நட்சத்திர ஓட்டலுக்கு எஃப்.எல்.3. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலோ பார்டெண்டரே பயிற்சி முடித்து, ஐந்தாண்டு செல்லுபடியாகும் அனுமதி அட்டை வாங்கியாக வேண்டும்.

இங்கே ஓட்டல்காரர்கள் பார்ப்பது படிப்பையும் கைப்பழக்கத்தையும்தான். சென்னை தரமணி, திருச்சி துவாக்குடி கேட்டரிங் கல்லூரிகளில் பரிமாறும் கலை ஒரு பாடம்: 30, 60 மில்லி பெக் அளவைச் சிந்தாமல் ஊற்றுவது, ஷேக்கரை ஐஸோடு குலுக்கி வடிப்பது, எந்தப் பானத்துக்கு எந்தக் கிளாஸ் என்பது. 21 வயது நிரம்பாதவருக்கு ஊற்றவே கூடாது.

டாஸ்மாக்கை ஒட்டிய பாரில் இந்த வேலைக்கே இடமில்லை. அங்கே டெண்டர் விடுவது தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் சேகரிக்கவும்தான்.

இதில் ஒரு வேடிக்கை: ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது, ஏற்காடு அடங்கிய இதே சேலம் மாவட்டத்தில்தான்.