உதடு முந்துவது ஏன்?

செல்போனில் எடுத்த வீடியோவை மென்பொருளில் போட்டு எடிட் செய்கிறீர்கள். முதல் நிமிடத்தில் பேச்சும் உதடும் ஒட்டிப் போகும். அரை மணியில் படம் முந்திவிடும். ஏன்?

வெளிச்சம் குறைந்தால் பல செல்போன்கள் நொடிக்கு எடுக்கும் ஃபிரேம்களைக் குறைத்துக்கொள்ளும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கோப்பில் நேரக்குறிப்பு உண்டு. அதைக் கண்டுகொள்ளாத மென்பொருள், எல்லாவற்றையும் நொடிக்கு 30 என்று அடுக்கிவிடும். ஒலியோ தன் வேகத்திலேயே ஓடும். நொடிக்கு 29.97 ஃபிரேம் என்பதை 30 ஆகக் கொண்டாலே ஒரு மணி நேரத்தில் சுமார் 3.6 நொடி பிசகும்!

வீடியோவை முதலில் ஹேண்ட்பிரேக் என்ற மாற்று மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ (சீரான ஃபிரேம் வேகம்) தேர்ந்தெடுத்து மாற்றிவிட்டு, அப்புறம் எடிட்டிங்கில் கை வையுங்கள். ஒலியை வெட்டி வெட்டி ஒட்டுவது வீண் வேலை. விலகல் தொடக்கம் முதலே ஒரே அளவாக இருந்தால் அது வேறு நோய். ஒலியைச் சற்று நகர்த்தினால் போதும்.