அந்தூரியத்துக்கு எத்தனை அங்குலச் சாடி?

கண்டிப் பக்கத்து வீட்டு விறாந்தைகளில் அந்தூரியத்துக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. வாங்கி வந்ததும் பலர் செய்யும் முதல் வேலை, அதைப் பெரிய சாடிக்கு மாற்றுவது. "பெருசுல வச்சாத்தானே நல்லா பூக்கும்" என்பார்கள். நானும் அதை நம்பி, 6 அங்குலச் சாடியில் இருந்ததை 12 அங்குலத்துக்கு மாற்றினேன். ஐப்பசி மழை ஓய்வதற்குள் வேர் கறுத்து அழுகிவிட்டது.

கணக்கு அங்கேயே பிழைத்துவிட்டது. ஒரே வடிவச் சாடியில் வாயகலம் இரட்டித்தால் கொள்ளளவு 8 மடங்காகிறது. 6 அங்குலத்திலிருந்து எட்டுக்குப் போனாலே இரண்டு மடங்குக்கு மேல்.

அந்தூரியத்தின் தாயகம் கொலம்பியா, எக்குவடோர் மழைக்காடுகள். அங்கே அது மரங்களிலும் தொற்றி வளரும். பேராதனைப் பூங்காவின் பெருமரங்களைப் பற்றி நிற்கும் செடிகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அவற்றுக்குச் சாடியே கிடையாது. இத்தகைய வேருக்கு ஈரத்தோடு காற்றும் வேண்டும். நீருக்குள் ஒட்சிசன் பரவும் வேகமோ காற்றில் இருப்பதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. சின்ன வேர்த்தொகுதி குடித்து முடிக்காத நீர் பெரிய சாடியில் நாட்கணக்கில் கிடக்க, வேருக்கு மூச்சு முட்டுகிறது. கண்டியின் ஈரக்காற்றில் அது காய்வதும் தாமதம். அடியில் கல் போட்டாலும் பயனில்லை; நுண்ணிய மண்ணிலுள்ள நீர் கல்லிடைவெளிக்கு இலகுவில் இறங்காமல் அதன் மேலேயே தங்கிவிடும்.

ஜெர்மனியின் யூலிக் ஆய்வு மைய விஞ்ஞானிகள் 2012இல் 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சாடியின் கொள்ளளவு இரட்டித்தால் செடியின் எடை சராசரியாக 43 சதவீதம் கூடியிருந்தது. அப்படியானால் பெரிய சாடிக்காரர்கள் சொல்வது சரிதானே? பாதி சரி. வேர் நிரம்பி நெருக்கப்பட்ட செடிக்குக் கிடைக்கும் புது இடம் வளர்ச்சிக்குப் போகும். நிரம்பாத செடிக்குக் கொடுத்தால் ஈரத்துக்குத்தான் போகும்.

இன்னொரு பேச்சும் உண்டு: இடம் கூடினால் இலைதான் வரும், பூ வராது என்று. அந்தூரியத்தில் இது எடுபடாது. முதிர்ந்த செடியில் இலைக்கணுவுக்கு ஒரு பூ. இலை வந்தால்தான் பூவே வரும். வேர் அழுகி இலை நிற்கும்போது பூவும் நிற்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே மாற்றுமுன் செடியைச் சாய்த்து உருவிப் பாருங்கள். வேர் பின்னிப் பிடித்து, மண் சாடியின் வடிவிலேயே வந்தால், ஒன்றரை அல்லது இரண்டு அங்குலம் பெரிய சாடி எடுங்கள். தும்புத்துண்டும் கரித்துண்டும் கலந்து நிரப்புங்கள். மண் உதிர்ந்து கொட்டினால் பழைய சாடியிலேயே திருப்பி வையுங்கள்.