வெளிச்சம் குறைந்த இடத்தில் படமெடுக்க எந்த கேமரா?

ஆரணியில் என் பெரியப்பா நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பட்டுப் புடவை நெய்தவர். வீட்டின் முன் அறையில் குழித்தறி. முழங்கால் வலி தாங்காமல் தறியை எடுத்துவிடப் போவதாக அவர் சொன்னபோது, கடைசிப் புடவையை நெய்வதைப் படமெடுத்து வைக்க நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிய காம்பாக்ட் டிஜிட்டல் கேமரா என்னிடம் இருந்தது. 16 மெகாபிக்ஸல், 10 மடங்கு ஜூம். எண்பது படங்கள் எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் நன்றாகவே தெரிந்தன.

சென்னைக்குத் திரும்பி கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பெரியப்பாவின் கைகள் புகை போலக் கலங்கியிருந்தன. முகமெல்லாம் புள்ளி புள்ளியாக இருந்தது. ஃப்ளாஷ் போட்டு எடுத்தவற்றில் ஜரிகை முழுவதும் வெள்ளைத் திட்டு. இருப்பதில் நல்லதாக நான்கைந்தை பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன். பெரியப்பா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்பா, ஜரிகையெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கே?" என்றார்.

அதற்குள் தறியைப் பிரித்து, குழியை மூடி, சிமெண்ட் பூசிவிட்டார்கள். மறுபடி எடுக்க வழியில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நாள் வரலாம். பாட்டியின் எண்பதாம் கல்யாணமாக இருக்கலாம், இரவு நேரத் திருவிழாவாக இருக்கலாம். அந்த நாளுக்கு முன்பே சரியான கேமராவைத் தேர்வு செய்வது எப்படி என்று பார்ப்போம்.

தவறு எங்கே? கம்ப்யூட்டரே சொல்லும்

நீங்கள் எடுத்த படம் எதையாவது விண்டோஸில் ரைட் கிளிக் செய்து 'பிராபர்ட்டீஸ்' தேர்வு செய்யுங்கள். வரும் விண்டோவில் 'டீடெயில்ஸ்' டேபைக் கிளிக் செய்தால், படம் எடுத்தபோது கேமரா என்ன செய்தது என்ற விவரம் முழுவதும் இருக்கும். என் படங்களில் ஒன்றில் இப்படி இருந்தது: எஃப் 5.9, 1/5 விநாடி, ஐஎஸ்ஓ 1600.

இந்த மூன்று எண்களில்தான் விஷயமே இருக்கிறது. எஃப் எண் என்பது லென்ஸின் வாய் எவ்வளவு அகலம் என்பதைக் காட்டும். எண் சிறியதாக இருந்தால் வாய் அகலம், வெளிச்சம் அதிகம் உள்ளே வரும். இரண்டாவது, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பது. மூன்றாவது, கிடைத்த வெளிச்சத்தை கேமரா எவ்வளவு பெருக்கியது என்பது. பெருக்கப் பெருக்கப் புள்ளிகளும் பெருகும்.

1/5 விநாடி என்பது கேமராவுக்கு மிக நீண்ட நேரம். நெய்யும் கை அதற்குள் எங்கோ போய்விடும். என் கேமரா ஏன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது? நான் வாசற்படியில் நின்றுகொண்டு ஜூம் செய்ததுதான் காரணம். அந்த லென்ஸ் ஜூம் இல்லாதபோது எஃப் 3.3, முழு ஜூமில் எஃப் 5.9. அதாவது ஜூம் செய்தவுடன் உள்ளே வரும் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. நான்கு அடி முன்னால் போய் உட்கார்ந்திருந்தால் 1/15 விநாடியாவது கிடைத்திருக்கும். இந்த முதல் பாடத்துக்குக் காசு செலவில்லை: இருட்டில் ஜூம் செய்யாதீர்கள், நடந்து கிட்டே போங்கள்.

மெகாபிக்ஸலைப் பார்க்காதீர்கள், சென்சாரைப் பாருங்கள்

நல்ல வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு வெளிச்சம் இருக்கும். டியூப் லைட் போட்ட அறையில் நூறு லக்ஸ் இருந்தால் அதிகம். கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒரு பங்கு! இந்தச் சொட்டு வெளிச்சத்தைப் பிடிக்கப் பெரிய பாத்திரம் வேண்டும். அந்தப் பாத்திரம்தான் சென்சார்.

சாதாரண காம்பாக்ட் கேமராவில் இருப்பது 1/2.3 அங்குல வகை சென்சார். பரப்பளவு சுமார் 28 சதுர மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. '1 அங்குலம்' எனப்படும் வகை 13.2 க்கு 8.8 மி.மீ., அதாவது 116 சதுர மி.மீ. நான்கு மடங்கு பெரியது. அதற்கும் மேலே ஏபிஎஸ்-சி வகை சுமார் 366 சதுர மி.மீ.

மழையில் வாளி வைத்தால் பெரிய வாளியில்தானே அதிகத் தண்ணீர் சேரும்? வாளிக்குள் எத்தனை கிண்ணம் அடுக்கினாலும் சேரும் தண்ணீர் கூடாது. மெகாபிக்ஸல் என்பது அந்தக் கிண்ணங்களின் எண்ணிக்கை மட்டுமே. கேமரா கம்பெனிகளே இதை ஒப்புக்கொண்ட காலம் உண்டு. கேனான் 2008-ல் வெளியிட்ட ஜி10 மாடலில் 14.7 மெகாபிக்ஸல். அடுத்த ஆண்டு வந்த ஜி11-ல் அதை 10 ஆகக் குறைத்தார்கள். 2006-ல் வந்த ஃப்யூஜி எஃப்30 வெறும் 6 மெகாபிக்ஸல்தான். ஆனால் இருட்டில் எடுக்க அந்தக் காலத்தில் பலர் தேடிப் பிடித்து வாங்கிய கேமரா அது.

இப்போது ஒரு கணக்கு. என் பழைய கேமரா எஃப் 3.3, சின்ன சென்சார். எஃப் 1.8 லென்ஸும் 1 அங்குல சென்சாரும் உள்ள கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் மூலம் 3.4 மடங்கு, சென்சார் மூலம் 4.1 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் அதே ஷட்டர் நேரத்தில் சுமார் 14 மடங்கு வெளிச்சம். கடையில் கேட்க வேண்டிய கேள்வி இரண்டுதான்: சென்சார் என்ன அளவு? லென்ஸ் எஃப் எண், ஜூமுக்கு முன்னும் பின்னும், என்ன?

ஃபோன் போதாதா?

நியாயமான கேள்வி. சின்ன சென்சார் உள்ள விலை குறைந்த காம்பாக்ட் இன்று வாங்கவே வேண்டாம். நல்ல ஸ்மார்ட்ஃபோன் அதைவிட நன்றாக எடுக்கும். 2018-ல் கூகுள் பிக்ஸல் ஃபோன்களுக்கு வந்த 'நைட் சைட்' போன்ற வசதிகள் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்த்து புள்ளிகளைக் குறைக்கின்றன. அசையாத பொருளுக்கு இது அருமை. ஆனால் அசையும் கையும் ஓடும் குழந்தையும் கலங்கிப் போக வாய்ப்பு அதிகம். உங்களுக்கு வேண்டியது அசையாத படம் மட்டும் என்றால் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

எந்த மாடல்?

1 அங்குல சென்சாரைச் சின்ன உடலுக்குள் வைத்து, பெரிய சென்சார் காம்பாக்ட்களைப் பிரபலமாக்கியது 2012-ல் வந்த சோனி ஆர்எக்ஸ்100. அதன் லென்ஸ் ஜூம் இல்லாதபோது எஃப் 1.8, முழு ஜூமில் எஃப் 4.9. 2014-ல் வந்த மூன்றாவது மாடலில் இது எஃப் 1.8 முதல் 2.8 வரை. கேனான் ஜி7எக்ஸ் வரிசையிலும் எஃப் 1.8 முதல் 2.8 வரைதான். அதன் மார்க் 3 வந்தது 2019-ல்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆர்எக்ஸ்100 வரிசையில் 2018, 2019-ல் வந்த ஆறாவது, ஏழாவது மாடல்கள் அதிக ஜூம் கொண்டவை. அதற்காக லென்ஸ் எஃப் 2.8-ல்தான் தொடங்குகிறது. ஜூம் இல்லாத நிலையில் மூன்றாவது மாடலுக்கு வரும் வெளிச்சத்தில் பாதிகூட இவற்றுக்கு வராது. புதியது, விலை கூடியது என்பதால் இருட்டுக்கு நல்லது என்று நினைத்துவிடக் கூடாது.

ஜூமே வேண்டாம் என்பவர்களுக்கு ரிக்கோ ஜிஆர் 3 இருக்கிறது. ஏபிஎஸ்-சி சென்சார், எஃப் 2.8, சட்டைப் பையில் வைக்கலாம்.

இவற்றைப் புதிதாக வாங்கினால் ஒரு நல்ல லேப்டாப் விலை ஆகிவிடும். நான் ஆர்எக்ஸ்100 மூன்றாவது மாடலைப் பழையதாக வாங்கினேன். பழையது வாங்கும்போது லென்ஸ் தடையில்லாமல் வெளியே வந்து உள்ளே போகிறதா, பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். எஃப் எண்ணைப் பெரிதாக வைத்து வெள்ளைச் சுவரைப் படமெடுங்கள். சென்சாரில் தூசி இருந்தால் கறுப்புத் திட்டாகத் தெரியும்.

மிக முக்கியமானது: உங்கள் மெமரி கார்டைக் கையோடு கொண்டு போங்கள். கடையின் இருட்டான மூலையில் நண்பரின் கையை அசைக்கச் சொல்லி, ஐஎஸ்ஓ 800, 1600, 3200-ல் எடுத்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் 100 சதவீத அளவில் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். கேமராவின் சின்னத் திரையை நம்பி நான் பட்டது போதும்.

இரண்டு இடங்களில் சோதனை

புதிய கேமராவோடு, பெரியப்பாவின் தெருவிலேயே இன்னும் தறி ஓடும் ஒரு வீட்டுக்குப் போனேன். ஜன்னல் ஒன்று, டியூப் லைட் ஒன்று. ஜூம் இல்லை, ஃப்ளாஷ் இல்லை. எஃப் 1.8, ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 1/50. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழுவது பெரும்பாலும் தவிர்க்கப்படும். நாடா ஒரு பக்கம் போய் நிற்கும் நொடியில் பட்டனை அழுத்தினேன். கைகள் தெளிவாக வந்தன.

நிறத்துக்கு ஒரு வழி: அந்த விளக்கிலேயே ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி கேமராவில் 'கஸ்டம் வைட் பேலன்ஸ்' செட் செய்துவிடுங்கள். புடவையைப் படத்தில் பார்த்து வாங்குபவர்கள் இருக்கும் காலத்தில், அரக்கு நிறம் படத்தில் செங்கல் நிறமாக வந்தால் புடவை திரும்பி வந்துவிடும்.

அடுத்து, ஆரணிக்கும் போளூருக்கும் இடையில் உள்ள திருமலை. ராஜராஜ சோழனின் தமக்கை குந்தவையின் பெயர் தாங்கிய ஜினாலயமும், பாறைக்குக் கீழே குகை அறைகளில் பழைய ஓவியங்களும் இருக்கும் சமணத் தலம். உள்ளே தறி வீட்டைவிட இருட்டு. பழைய ஓவியத்தின் மேல் ஃப்ளாஷ் அடிக்கவே கூடாது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் டிரைபாட் வைக்க அனுமதி வேண்டும். படமெடுக்கலாமா என்பதையும் அங்கிருப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஓவியம் அசையாது. முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சைப் பிடித்து, ஐஎஸ்ஓ 400-ல் 1/8 விநாடி வைத்து, 2 விநாடி டைமரில் எடுத்தேன். கேமராவிலுள்ள ஸ்டெபிலைசர் கை நடுக்கத்தைச் சமாளித்தது. ஐந்தில் மூன்று படங்கள் தெளிவு. ஸ்டெபிலைசர் நம் கையைத்தான் நிறுத்தும், எதிரில் இருப்பவர் கையை நிறுத்தாது. தறிக்கு வேகமான ஷட்டர், ஓவியத்துக்கு மெதுவான ஷட்டர் என்று வேறுபட்டதற்கு இதுவே காரணம்.

முடிந்தால் 'ரா' ஃபார்மட்டிலும் பதிவு செய்யுங்கள். ஃபைல் பெரிதாக இருக்கும். ஆனால் நிறத்தையும் புள்ளிகளையும் பிறகு கம்ப்யூட்டரில் சரிசெய்யலாம். டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவச மென்பொருள்கள். படங்களை கார்டிலேயே விட்டுவிடாமல், கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று எனக் காப்பி வையுங்கள்.

பக்கத்து வீட்டுத் தறிப் படத்தைப் பெரியப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இது அரக்குதான். ஜரிகை ஜரிகையா இருக்கு" என்றார். பிறகு சிமெண்ட் பூசிய இடத்தைப் பார்த்துவிட்டு, "இந்த மிஷினை அப்பவே வாங்கியிருக்கலாமேப்பா" என்றார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் அந்த நாளுக்கு ஒரு மாதம் முன்பே வாங்கிவிடுங்கள். வாங்கியதும் உங்கள் வீட்டிலேயே இருட்டான அறையில் ஐம்பது படங்கள் எடுத்துப் பழகிவிடுங்கள்.