லாரியில் பாரம் எங்கே நிற்கிறது?

சரக்கு லாரியின் மொத்த எடை வரம்புக்குள் இருந்தால் போதும் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். எடை எவ்வளவு என்பதோடு, அது எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கோல் பிடித்த பழைய வியாபாரிகளுக்கு இது எளிதில் விளங்கும். பொருளைத் தொங்கவிட்டுப் பிடிகயிற்றை நகர்த்தினால் ஓரிடத்தில் கோல் சமமாக நிற்கும். அந்த இடந்தான் ஈர்ப்பு மையம். பாரம் ஏற்றிய லாரிக்கும் அப்படி ஓர் இடம் உண்டு.

அதை அறிய வேபிரிட்ஜ் போதும். முன்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஓர் எடை, பின்சக்கரங்களை மட்டும் நிறுத்தி மற்றோர் எடை எடுக்க வேண்டும். மேடையும் அதையொட்டிய தரையும் ஒரே மட்டமாக இருப்பது அவசியம். பின் எடையை மொத்த எடையால் வகுத்து, இரு அச்சுகளுக்கும் இடையிலுள்ள தூரத்தால் பெருக்கினால், முன் அச்சிலிருந்து மையம் எவ்வளவு தூரம் என்பது கிடைக்கும்.

உதாரணமாக, ஓர் ஆறு சக்கர லாரியில் முன் எடை 5.4 டன், பின் எடை 12.6 டன், மொத்தம் 18 டன், அச்சு இடைவெளி 420 செ.மீ. என்று கொள்வோம். 12.6-ஐ 18-ஆல் வகுத்து 420-ஆல் பெருக்க, 294 செ.மீ. வருகிறது. 2018 ஜூலையில் மத்திய அரசு உயர்த்திய வரம்பு, முன் அச்சுக்கு 7 டன், நான்கு டயர் உள்ள பின் அச்சுக்கு 11.5 டன், மொத்தம் 18.5 டன். ஆக, மொத்தம் சரி. பின் அச்சில் மட்டும் 1.1 டன் அதிகம்! அவரவர் வண்டிக்கு ஆர்.சி.யில் பதிந்துள்ள அளவே கணக்கு.

இதற்குச் சரக்கை இறக்க வேண்டியதில்லை. நகர்த்தும் எடையை நகர்த்தும் தூரத்தால் பெருக்கி, அச்சு இடைவெளியால் வகுத்தால், பின் அச்சில் குறையும் எடை தெரியும். 50 கிலோ மூட்டைகள் 48-ஐ, அதாவது 2.4 டன்னை, 210 செ.மீ. முன்னே தள்ளி அடுக்கினால் 1.2 டன் குறையும். பின்னே 11.4, முன்னே 6.6, மையமும் 266 செ.மீ.க்கு வந்துவிடும்.

பின்பாரம் மிகுந்தால் முன்சக்கரத்துக்குப் பிடிமானம் குறைந்து, ஸ்டீயரிங் சொன்னபடி கேளாது. பின் டயரும் பட்டையும் சீக்கிரம் போகும். அபராதமும் சிறிதல்ல. 2019 சட்டத் திருத்தப்படி 20,000 ரூபாய், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், இறக்குகூலி வேறு.

இக்கணக்கில் மையத்தின் உயரம் தெரியாது. ஆகவே சர்க்கரை, அரிசி மூட்டைகள் அடியிலும், மிளகாய், மல்லி மேலேயும் இருக்கட்டும். வளைவில் வண்டி சாயாமல் காப்பது அதுவே.

அடுத்த லோடுக்கு எடைச்சீட்டு வாங்கும்போது, முன், பின் எடைகளையும் தனித்தனியே கேட்டு வாங்குங்கள். வழியில் பாதிச் சரக்கை இறக்கிவிட்டால், மீதியை அடுக்கும் முன் இக்கணக்கை மறுபடி நினைவில் கொள்ளுங்கள்.