மூன்று வினாடி, ஒரு குண்டு

1998ஆம் ஆண்டு செப்டம்பரில் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்தது. 50 கிலோமீட்டர் நடைப்போட்டியில் ஜி. சரவணன் தங்கம் வென்றதை நம்மவர்கள் இன்றும் பேசுவார்கள். அதே போட்டியில், நம் கெடா மாநில மண்ணிலேயே, சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வென்றார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அந்த ஆண்டு சுடும் போட்டிகளை லங்காவியில் வைத்தார்கள். அதற்காகவே அங்கு அனைத்துலகத் தரத்தில் ஒரு சுடுதளம் கட்டப்பட்டது. ரூபா உன்னிகிருஷ்ணன் 50 மீட்டர் ரைபிளில், படுத்த நிலையில் சுடும் பிரிவில் முதலிடம் பெற்றார். ஆக்ஸ்ஃபர்டில் ரோட்ஸ் உபகாரச் சம்பளம் பெற்றுப் படித்தவர் அவர். மறு ஆண்டு இந்திய அரசு அர்ஜுனா விருது கொடுத்தது. நம் நாட்டின் நூருல் ஹூடா பஹாரினும் அதே லங்காவியில் ஏர் ரைபிளில் தங்கம் வென்றார்.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் என் அண்ணன் மகள். வயது 19. பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றில் படிக்கிறாள். அங்கே பாலாப்பேஸ் பயிற்சிப் படையில் சேர்ந்தாள். அதன் வழியே சுடும் கிளப்பில் அறிமுகம் கிடைத்து, ஏர் பிஸ்டலில் சில மாதம் பழகினாள். இப்போது பயிற்சியாளர், “25 மீட்டர் வேகப் பிஸ்டலுக்கு வருகிறாயா?” என்று கேட்டிருக்கிறார். செமஸ்டர் விடுமுறைக்குச் சுங்கைப்பட்டாணி வந்தவள், இரவுச் சாப்பாட்டின்போது அதைச் சொன்னாள்.

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. அண்ணிதான் கரண்டியைக் கீழே வைத்தார். “பொம்பளப் புள்ளைக்கு எதுக்குத் துப்பாக்கி? நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவங்க கிட்ட என்னன்னு சொல்றது?”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அண்ணியின் பயத்தை அப்படியே ஒதுக்கிவிடவும் முடியவில்லை. நம் வீடுகளில் துப்பாக்கி என்ற சொல் எப்போது வருகிறது? நாளிதழின் முதல் பக்கத்தில் குண்டர் கும்பல் செய்தி வரும்போதுதான். தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்திலிருந்து தாமானுக்கு வந்த குடும்பங்கள் பிள்ளைகளை எதிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று நினைக்கின்றனவோ, அந்தப் பட்டியலில் துப்பாக்கிக்கு முதலிடம். என் அம்மாவுக்கு அதைவிடப் பழைய நினைவு இருக்கிறது. அவசரகாலத்தில் அம்மா சிறுபிள்ளை. வெட்டுக்குப் போகிறவர்கள் காட்டிலிருப்பவர்களுக்குச் சோறு கொண்டுபோகிறார்களா என்று தோட்டத்து கேட்டில் துப்பாக்கியோடு நின்று சோதிப்பார்களாம். “அந்தக் குழாயப் பாத்தாலே எனக்கு வயித்தக் கலக்கும்” என்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பேத்தியிடம், “ரொம்பச் சத்தம் வருமா?” என்று கேட்டார்.

வரும். அதற்காகக் காதடைப்பு போட்டுக்கொள்வார்கள். கண்ணுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி உண்டு.

பச்சை விளக்கு எரியும் நேரம்

இந்தப் போட்டி எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும் என்பது என் எண்ணம். பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டலில் 5.6 மில்லிமீட்டர் சிறு குண்டுதான். துப்பாக்கியின் எடை 1,400 கிராமைத் தாண்டக் கூடாது. ஒரே கையால் பிடிக்க வேண்டும். மறு கையால் தாங்கக் கூடாது. அதனால்தான் பலர் அந்தக் கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அது ஸ்டைல் இல்லை, உடம்பு ஆடாமலிருக்கச் செய்வது.

மொத்தம் 60 குண்டு. முதல் 30 நிதானப் பகுதி. ஐந்து குண்டுக்கு ஐந்து நிமிடம். நன்றாக மூச்சை இழுத்து, பிடிக்காவிட்டால் கையை இறக்கி, மறுபடியும் ஏற்றிச் சுடலாம். அடுத்த 30 வேகப் பகுதி. இங்கேதான் ஆட்டம் மாறுகிறது. கையைக் கீழே சாய்த்து வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். ஏழு வினாடி சிவப்பு விளக்கு. பிறகு பச்சை. பச்சை எரிவது மூன்றே வினாடி. அதற்குள் கையைத் தூக்கி, குறி பார்த்து, ஒரே ஒரு குண்டு. மறுபடியும் சிவப்பு. மறுபடியும் கையை இறக்க வேண்டும். இப்படி ஐந்து முறை சேர்ந்தால் ஒரு சுற்று.

“மூன்று வினாடி தாராளம் அத்தை. அவசரப்பட்டா முதல் வினாடியிலேயே கெட்டுப்போகும்” என்றாள் மருமகள். கை ஏறும் வேகம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம். விரல் விசையை அழுத்தத் தொடங்குவது கை மேலே வந்து நின்ற பிறகு அல்ல, வந்துகொண்டிருக்கும்போதே. விசையின் எடை குறைந்தது ஒரு கிலோ. வெடுக்கென்று இழுத்தால் குறி விலகிவிடும்.

இதில் எத்தனை பெரிய ஆளும் சறுக்குவார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தென்கொரியாவின் கிம் யேஜியை உலகமே கொண்டாடியது. கறுப்புத் தொப்பி, ஒரு கண்ணை மறைக்கும் தகடு, அசையாத முகம். அவருடைய காணொளி கைப்பேசி கைப்பேசியாகச் சுற்றியது. 10 மீட்டரில் வெள்ளி வாங்கினார். 25 மீட்டரிலோ தகுதிச் சுற்றின் வேகப் பகுதியில் ஒரு குண்டை மூன்று வினாடிக்குள் சுடவில்லை. பூஜ்யம். இறுதிச் சுற்றுக்கே வர முடியவில்லை. அதே ஆண்டு மே மாதம் பாக்குவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் இதே 25 மீட்டரில் உலகச் சாதனை செய்தவர் அவர். இந்தியாவின் மனு பாக்கர் பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கிவிட்டு, மூன்றாவது பதக்கத்துக்காக 25 மீட்டர் இறுதிச் சுற்றில் நின்றார். ஹங்கேரியின் வெரோனிகா மேயரோடு சமநிலை. கூடுதல் சுற்றில் தோற்று நான்காமிடம்.

இறுதிச் சுற்றில் நிதானப் பகுதியே கிடையாது. எட்டுப் பேர், எல்லாமே வேகம். குண்டு 10.2 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஒரு புள்ளி, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. பாதி மதிப்பெண் என்ற கருணை கிடையாது.

அம்மாக்களின் விளையாட்டு

அண்ணியிடம் நான் சொன்ன கதை லிண்டா தாமுடையது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கென்று இந்தப் பிரிவு முதன்முதலாக வந்தது 1984 லாஸ் ஏஞ்சல்ஸில். தங்கம் வென்றவர் கனடாவின் லிண்டா தாம். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பிள்ளை வளர்ப்புக்காகத் துப்பாக்கியைச் சில ஆண்டு கீழே வைத்துவிட்டு, 1982இல்தான் மறுபடியும் எடுத்தார்.

ஜார்ஜியாவின் நீனோ சலுக்வாட்ஸே இன்னும் ஆச்சரியம். 1988இல் சோல் ஒலிம்பிக்கில் 19 வயதில் 25 மீட்டர் தங்கம் வென்றார். அதன் பிறகு ஒரு ஒலிம்பிக்கையும் விடவில்லை. 2024 பாரிஸ் அவருக்குப் பத்தாவது. 2016இல் ரியோவில் அவரும் அவர் மகனும் ஒரே ஒலிம்பிக்கில் சுட்டார்கள். 55 வயதில் ஒலிம்பிக் போகக்கூடிய விளையாட்டுகள் எத்தனை இருக்கின்றன?

நம் நாட்டிலும் ஆட்கள் இருக்கிறார்கள். 2010 டெல்லி காமன்வெல்த்தில் பிபியானா இங் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தங்கம் வென்றார், அதுவும் இந்தியாவின் ஹீனா சித்துவை அவருடைய ஊரிலேயே இரண்டாமிடத்துக்குத் தள்ளி. 25 மீட்டரில் வெண்கலமும் அவருக்கே. 2018 கோல்ட் கோஸ்ட்டில் அலியா சசானா 25 மீட்டரில் வெண்கலம் வென்றார். அந்த முறை ஹீனா சித்துவுக்குத் தங்கம். கடற்படையைச் சேர்ந்த நூர் சூர்யானி 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக ஏர் ரைபிள் பிடித்து நின்றார். சீனர் பெயர், மலாய்ப் பெயர் இருக்கிறது. இந்த வரிசையில் நம் பெயர் ஒன்றை எழுத எனக்கு ஆசையாக இருக்கிறது.

வேகம் என்றால் இதைவிட வேகமான இன்னொரு வகையும் உண்டு. ஐபிஎஸ்சி என்ற அமைப்பின் போட்டிகள் அவை. 1976இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் தொடங்கியது. துல்லியம், வலு, வேகம் என்பது அதன் முழக்கம். நின்ற இடத்தில் சுடுவதில்லை. ‘பீப்’ ஒலி கேட்டதும் ஓட வேண்டும், குனிய வேண்டும், தடுப்புக்கு அப்பால் எட்டிப் பார்த்து அட்டைக் குறிகளையும் இரும்புத் தகடுகளையும் சுட வேண்டும். எடுத்த புள்ளியை எடுத்துக்கொண்ட வினாடியால் வகுப்பார்கள். ஒருவர் 100 புள்ளியை 20 வினாடியில் எடுத்தால் கணக்கு 5. இன்னொருவர் 90 புள்ளிதான், ஆனால் 15 வினாடியில் என்றால் கணக்கு 6. இரண்டாமவரே முன்னால். ஓடும்போது விரல் விசைமேல் இருந்தாலோ, குழாய் பின்பக்கம் திரும்பினாலோ அந்த நொடியே வெளியேற்றிவிடுவார்கள். பெண்களுக்குத் தனிப் பரிசுப் பிரிவு உண்டு. 2022இல் இதன் உலகப் போட்டி நம் எல்லைக்கு அப்பால், தாய்லாந்தின் பட்டாயாவில் நடந்தது. மருமகளுக்கு அதிலும் ஒரு கண். அதை அவள் அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தெரிந்துவிடும்.

கத்தி பிடித்த கை

“நம்ம சனத்துக்கு இதெல்லாம் பழக்கமில்ல” என்று அண்ணி சொன்னதுதான் என்னால் ஒத்துக்கொள்ள முடியாத ஒரே வார்த்தை. 1943இல் சிங்கப்பூரில் ஜான்சி ராணி படை தொடங்கியபோது அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயா ரப்பர் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள். கேப்டன் லட்சுமியின் கீழ் ரைபிள் பிடித்துச் சுடப் பழகினார்கள். அந்தப் படையில் லட்சுமிக்கு அடுத்த நிலைக்கு உயர்ந்தவர் கோலாலம்பூரின் ஜானகி தேவர், பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன். காலையில் பெரட்டுக்கு நின்று, நிரை பிரித்துக்கொண்டு பால்வெட்டப் போன கைகள் அவை. அன்று அவர்கள் எதற்காகத் துப்பாக்கி எடுத்தார்கள் என்பது வேறு கதை. பழக்கமில்லை என்று மட்டும் சொல்ல முடியாது.

பால்வெட்டைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. என் அம்மா 28 ஆண்டு பால்வெட்டியவர். பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். கத்தி சற்றே ஆழம் போனால் மரத்தில் காயம் விழும், மண்டோர் வாயிலிருந்து வசவும் விழும். மேலே போனால் மங்கில் பால் நிறையாது. இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், ஒரு காலையில் நூற்றுக்கணக்கான மரம். ஒவ்வொரு மரத்திலும் அதே அழுத்தம். மருமகள் விசை அழுத்துவதை விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு என்னைவிட நன்றாகப் புரிந்தது என்று நினைக்கிறேன்.

தடை கையில் இல்லை, கதவில்தான். நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் கடுமையானது. ஏர் பிஸ்டலுக்கும் அது பொருந்தும். அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறையும் பிரம்படியும். இந்தக் கடுமை வேண்டும் என்பவள் நான். ஆனால் அதன் விளைவாக, பூப்பந்து மட்டையை வாங்குவதுபோல் ஒரு பிஸ்டலை வாங்கி வந்து யாரும் பழக முடியாது. போலீஸ், ராணுவம், பல்கலைக்கழகப் படை, பதிவு பெற்ற கிளப் என்று ஏதோ ஒரு வாசல் வழியாகத்தான் உள்ளே போக முடியும். சுக்மா போட்டியில் துப்பாக்கி சுடுதல் இருந்திருக்கிறது என்பதே பாடாங் செராயிலோ பீடோங்கிலோ இருக்கும் ஒரு தமிழ்ப்பள்ளி மாணவியின் காதுக்கு எட்டுவதில்லை. பந்து விளையாட்டுக்கு ஆள் தேடி வருவார்கள். இதற்கு நாம்தான் போய்க் கதவைத் தட்ட வேண்டும். இடைநிலைப்பள்ளியில் போலீஸ் கேடட் சேரும் நம் பெண் பிள்ளைகள் ஆசிரியரிடம் இதைப் பற்றிக் கேட்டு வைக்கலாம்.

அண்ணியின் மனம் இளகியது வெற்றிக் கதைகளால் அல்ல. “துப்பாக்கிய வீட்டுக்குக் கொண்டு வருவியா?” என்று கேட்டார்.

“இல்லம்மா. அது கிளப்போடது. பயிற்சி முடிஞ்சா எண்ணிப் பாத்து பூட்டிருவாங்க. குண்டையும் எண்ணித்தான் கொடுப்பாங்க. சுட்ட குண்டோட கூட்டையும் திருப்பிக் கொடுக்கணும்.”

“அப்ப வீட்ல எப்படிப் பழகுவ?”

அவள் எழுந்துபோய் ஒரு லிட்டர் தண்ணீர்ப் போத்தலைக் கொண்டு வந்தாள். கையைச் சாய்த்துப் பிடித்தாள். தூக்கினாள், நிறுத்தினாள், இறக்கினாள். சுவர்க் கடிகாரத்துக்கு நேராக. அண்ணன் முதல் முறையாக வாய் திறந்து, மாதம் எவ்வளவு செலவாகும் என்று விசாரித்தார். தொகையைக் கேட்டதும் மறுபடியும் மௌனமானார். அண்ணி நிபந்தனை போட்டார்: செமஸ்டர் புள்ளி இறங்கினால் அன்றோடு சரி. சொந்தக்காரர்கள் கேட்டால் யார் பதில் சொல்வது என்பது இன்னும் முடிவாகவில்லை. அந்த வேலையை என் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்.

அம்மா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எண்ணத் தொடங்கினார். பத்தாவது முறை போத்தல் நடுங்கியது.

“முட்டிய இறுக்காத. தோள்லேர்ந்து தூக்கு” என்றார்.