ஏட்டின் ஓரமும் வலைப்பூவின் பக்கப்பட்டையும்

வலைப்பூ ஒன்றைத் திறந்தால் கட்டுரைக்கு வலப்புறமோ இடப்புறமோ ஒடுக்கமான ஒரு பத்தி தெரியும். அதனைப் பக்கப்பட்டை என்கிறோம். முந்தைய பதிவுகளின் மாதப் பட்டியல், குறிச்சொற்கள், தேடற்கட்டம் முதலிய சிறு பெட்டிகள் அதில் அடுக்கப்பட்டிருக்கும். விட்ஜெட் என்று வழங்குவது இப்பெட்டிகளையே. இவற்றை அமைப்பது கணினி அறிந்தோர் பணி எனக் கருதித் தமிழாசிரியர் பலர் ஒதுங்கிவிடுகின்றனர். பெட்டியை இழுத்து உரிய இடத்தில் வைப்பது மட்டுமே கணினிப் பணி. அதனைச் சில நிமிடங்களில் கற்றுக்கொள்ளலாம். பெட்டிக்குள் எந்தச் சொல்லை எந்த வரிசையில் இடுவது என்பதோ முற்றிலும் மொழிப்பணி. இவ்வுரை இப்பணியைப் பற்றியது.

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையை எடுத்துக்கொள்வோம். 1885 இல் அப்பகுதியை அளந்த வில்லியம் கேமரனின் பெயரால் அம்மலை வழங்குகிறது. 1929 இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. கொழுந்து பறிக்க வந்த தமிழ்க் குடும்பங்களின் வாழ்வு அம்மலைச் சரிவுகளில் வேரூன்றியது. இன்று அத்தோட்டங்களில் அயல்நாட்டுத் தொழிலாளர் பெருகிவிட்டனர். தமிழ்க் குடும்பங்களில் பல நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. லயம், பெரட்டுக்களம், ஆயாக்கொட்டகை, கங்காணி, கிராணி என்னும் சொற்களைக் கேட்டவுடன் ஒரு காட்சியைக் காணக்கூடியவர்கள் முதியவர்கள் மட்டுமே. பிரிஞ்சாங்கிற்கும் கம்போங் ராஜாவிற்கும் இடையிலுள்ள திரிங்காப் போன்றதோர் ஊரில் ஆசிரியர் ஒருவர், மாணவரைக் கொண்டு அம்முதியோரின் நினைவுகளைத் தொகுத்து வலைப்பூவில் இடத் தொடங்குகிறார் எனக் கொள்வோம். இரண்டாண்டுகளில் நூறு பதிவுகள் சேர்ந்துவிடும். முகப்பில் தெரிபவை இறுதியாக இட்ட ஐந்தோ பத்தோதான். எஞ்சிய தொண்ணூறும் பக்கப்பட்டையின் வழியாகவே எட்டப்பட வேண்டியவை. பட்டை பழுதானால், தொகுத்தும் தொலைத்ததாகவே முடியும்.

இச்சிக்கல் நமக்குப் புதிதன்று. ஓலைச்சுவடியின் இடது ஓரத்தில் ஏட்டெண் பொறிக்கப்பட்டது. கட்டு அவிழ்ந்து ஏடுகள் கலைந்தாலும் மீண்டும் அடுக்குவதற்கு அவ்வெண்ணே துணை. அதனினும் நுட்பமானதொரு வழியை அகநானூற்றைத் தொகுத்தோர் கண்டனர். அந்நூலில் ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் யாவும் பாலைத்திணை. 2, 8 என முடியும் எண்கள் குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், பத்தின் மடங்குகள் நெய்தல். ஆகவே 376 ஆம் பாடல் என்றவுடன், அதனைப் படிக்குமுன்பே மருதம் என்று சொல்லிவிடலாம். எண்ணே இடத்தையும் பொருளையும் ஒருங்கே சுட்டுகிறது. இத்தகைய சிக்கனத்தை இன்றைய மென்பொருள்களில் நான் கண்டதில்லை.

நம் ஆசிரியருக்கு இதனினும் நெருக்கமான முன்மாதிரி வீரமாமுனிவர் 1732 இல் இயற்றிய சதுரகராதி. அதற்கு முந்தைய நிகண்டுகள் பெரும்பாலும் பொருள் வகையால் தொகுக்கப்பட்ட செய்யுள் நூல்கள். மனப்பாடம் செய்தவர்க்கே அவை விரைந்து பயன்பட்டன. வீரமாமுனிவரோ சொற்களஞ்சியத்திற்கு நான்கு வாயில்களை அமைத்தார். சொல்லை அறிந்து பொருளைத் தேடுவோர்க்குப் பெயரகராதி. பொருளை அறிந்து சொல்லைத் தேடுவோர்க்குப் பொருளகராதி. முத்தமிழ், நாற்படை என எண்ணால் தொகுத்தவற்றை அறிய விரும்புவோர்க்குத் தொகையகராதி. எதுகை தேடும் புலவர்க்குத் தொடையகராதி. தேடி வருபவர் கையில் எது இருக்கிறது என்று கேட்டு, அதற்கேற்ப வாயிலை வைத்த முறை இது.

பக்கப்பட்டைக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். சொல்லோடு வருபவர்க்குத் தேடற்கட்டம் பெயரகராதி போன்றது. பொருளோடு வருபவர்க்குக் குறிச்சொற்பட்டியல் பொருளகராதி போன்றது. ஒரு முதியவரின் வாழ்க்கையை ஏழு பகுதிகளாக எழுதியிருந்தால், அவ்வேழையும் ஓரிடத்தில் காட்டும் இணைப்புப் பட்டியல் தொகையகராதியின் வேலையைச் செய்யும். தொடையகராதிக்கு நேரானது இங்கு இல்லை, தேவையும் இல்லை.

மாதப் பட்டியலை நான் இவற்றுள் சேர்க்கவில்லை. அது வாசகரின் வரிசையன்று; எழுதியவரின் வரிசை. ஆயாக்கொட்டகையைப் பற்றிய பதிவு எந்த மாதத்தில் எழுதப்பட்டது என்று வாசகர் எவ்வாறு அறிவார்? நாட்குறிப்புக்கு ஏற்ற அப்பெட்டியே பெரும்பாலான வலைப்பூக்களில் முதலிடம் பெறுகிறது. அதனைப் பட்டையின் அடியில் வைப்பதே முறை. வருகையாளர் எண்ணிக்கை, கடிகாரம் ஆகியவற்றை நீக்கிவிடலாம். சொற்களைப் பெரிதும் சிறிதுமாகச் சிதறிக் காட்டும் குறிச்சொல் மேகம் அழகுக்கு உதவும், தேடுவதற்கு உதவாது.

இனிப் பெட்டியின் உள்ளே செல்வோம். முதல் இடர் எழுத்துக்கூட்டல். ஒரே ஊரை ஒரு மாணவர் திரிங்காப் என்றும், மற்றொருவர் ட்ரிங்காப் என்றும், இன்னொருவர் திரிங்காப்பு என்றும் எழுதினால், கணினிக்கு அவை மூன்று ஊர்கள். ஓர் ஊரைப் பற்றிய பன்னிரண்டு பதிவுகள் மூன்று குறிச்சொற்களின்கீழ்ச் சிதறிக் கிடக்கும். தனிமெய் மொழிக்கு முதலில் வாராது என்னும் இலக்கண விதியைப் பின்பற்றினால் இரண்டாம் வடிவம் விலகும். வல்லின மெய் ஈற்றில் நில்லாது என்பதையும் கடைப்பிடிப்போர் மூன்றாவதையே தேர்வர். எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும் அதனை ஒரு தாளில் எழுதி வகுப்பறைச் சுவரில் ஒட்டிவைக்க வேண்டும். தோட்டம், எஸ்டேட் ஆகிய இரண்டில் எது என்பதும் அத்தாளில் இருக்கட்டும். பேச்சு வழக்கைத் திருத்த முனைய வேண்டா. கிராணி என்று சொன்னவரின் பதிவுக்கு எழுத்தர் என்னும் குறிச்சொல்லை இட்டால், தேடுவோர்க்கு அது அகப்படாது.

இரண்டாவது, வேற்றுமை. தேடற்கட்டத்தில் ‘தோட்டம்’ என்று இட்டால், ‘தோட்டத்தில்’ என்று மட்டும் எழுதியுள்ள பதிவை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடல் காட்டாது. மகரம் கெட்டு அத்துச் சாரியை சேரும்போது சொல்லின் உருவே மாறிவிடுகிறது. ‘தோட்டங்கள்’ என்பதற்கும் இதே நிலை. ஆகவே ஒவ்வொரு பதிவின் தலைப்பிலோ முதற் பத்தியிலோ முதன்மைச் சொல் ஒருமுறையேனும் எழுவாய் வடிவில் வர வேண்டும். குறிச்சொற்கள் அனைத்தும் எழுவாய் வடிவிலேயே அமைய வேண்டும். புணர்ச்சி இலக்கணத்தின் பயன் யாது என்று வினவும் மாணவர்க்கு இதனைக் காட்டலாம்.

மூன்றாவது, அகரவரிசை. இதனைச் சற்று விரித்துரைக்க வேண்டும். 1991 இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பில் தமிழெழுத்துகளுக்கு எண்கள் வழங்கப்பட்டபோது, இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி அமைப்பு பின்பற்றப்பட்டது. அவ்வமைப்பில் ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற, ல-வை அடுத்து ள, ழ, அதன்பின் வ என்று எண்கள் செல்கின்றன. நம் நெடுங்கணக்கோ ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என முடிவது. எண்ணை மட்டும் நோக்கி அடுக்கும் மென்பொருள் ‘கனவு, கப்பல், கம்பளி’ என்று வரிசைப்படுத்தும். தமிழ் வரிசையில் ‘கப்பல், கம்பளி, கனவு’ என்பதே சரி. அவ்வாறே ‘பழமொழி’க்குப் பின் வர வேண்டிய ‘பள்ளி’ முன்னே வந்து நிற்கும். தமிழுக்குரிய வரிசை விதிகள் தனியே வகுக்கப்பட்டுள்ளன. எனினும் எல்லா மென்பொருள்களும் அவற்றைக் கையாள்வதில்லை. ‘கனவு, கப்பல், கம்பளி’ என்னும் மூன்று குறிச்சொற்களை இட்டு அகரவரிசையில் அடுக்கச் சொன்னால், நம் வலைப்பூவின் நிலை தெரிந்துவிடும். தவறாக அடுக்கினால், தானியங்கிப் பெட்டியை நீக்கி, இணைப்புப் பட்டியல் என்னும் பெட்டியில் நாமே சரியான வரிசையில் இட்டுக்கொள்ளலாம். இருபது முப்பது குறிச்சொற்களுக்கு இது பெருஞ்சுமையன்று. அதற்குமேல் குறிச்சொற்கள் பெருகினால், அவற்றைச் சுருக்க வேண்டும் என்று பொருள்.

பிளாக்கரில் ‘தளவமைப்பு’ப் பகுதிக்குச் சென்றால் பெட்டிகளைச் சேர்க்கலாம், மேலும் கீழும் நகர்த்தலாம். குறிச்சொற்பெட்டியில் எல்லாவற்றையும் காட்டாமல் வேண்டியவற்றை மட்டும் தெரிவுசெய்யவும் இடமுண்டு. வேர்டுபிரெஸ் 2007 இல் தன் 2.2 ஆம் பதிப்பில் இவ்வசதியை உள்ளேயே சேர்த்துக்கொண்டது. அதில் பதிவுகளை வகை, உட்பிரிவு எனப் படிநிலையாகவும் பிரிக்கலாம். பிளாக்கரின் குறிச்சொற்களுக்குப் படிநிலை இல்லை. ஊர், தொழில், ஆள் என மூன்று பிரிவு வேண்டுவோர் மூன்று இணைப்புப் பட்டியல்களைத் தனித்தனியே அமைத்துக்கொள்ளலாம்.

மாணவரில் பெரும்பாலோர் கைப்பேசியில்தான் படிக்கின்றனர். ஒடுக்கமான திரையில் பக்கப்பட்டை பக்கத்தில் நிற்பதில்லை. பெரும்பாலான வடிவமைப்புகளில் பதிவுகளுக்கெல்லாம் கீழே இறங்கிவிடும், சிலவற்றில் பட்டிக்குறிக்குள் மறைந்துவிடும். எனவே ‘பொருளடக்கம்’ என்னும் தனிப்பக்கம் ஒன்றை அமைத்து, அதற்கான இணைப்பைத் தலைப்பின்கீழ் வைப்பது தேவையாகிறது. அப்பக்கத்தில் இருக்க வேண்டியது பட்டையில் உள்ள அதே பட்டியல்தான்.

அமைத்து முடித்தபின், தொகுப்பில் ஈடுபடாத வேறு வகுப்பு மாணவர் ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, குழந்தைகளைப் பெற்றோர் வேலை நேரத்தில் எங்கு விட்டுச் சென்றனர் என்பதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஆயாக்கொட்டகை என்னும் சொல்லை அவர் அறிந்திருக்க மாட்டார். ‘குழந்தை’ என்றோ ‘மழலையர் பள்ளி’ என்றோ தேடுவார். அவர் முதலில் தட்டும் சொல்லைக் குறித்துக்கொண்டு, அப்பதிவின் குறிச்சொற்களோடு அதனையும் சேர்த்துவிடுங்கள்.