பேனா திரும்பியது, பட்டறை திரும்புமா?

இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்கு ரெயிலில் வருகிறவர்கள் சாத்தூரில் இறங்குவார்கள். அங்கிருந்து கோவில் சுமார் 8 கிலோமீட்டர். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில் அம்மன் குடிகொண்டிருக்கிறாள். தரிசனம் முடிந்து ஊர் திரும்புகிறவர்களின் கையில் சாத்தூர்க் காரச்சேவு இருக்கும். ஆனால் ஒரு காலத்தில் இதே ஊரின் இன்னொரு சரக்கு, பலருடைய சட்டைப் பையில் இருந்தது. அதுதான் பேனா நிப்பு!

மழை குறைந்த கரிசல் சீமை இது. நிலத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது. ஆகவே மக்கள் தொழிலை நாடினார்கள். சிவகாசியில் 1923-ல் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. பட்டாசும் அச்சும் பின்னால் வந்தன. சாத்தூரில் நிப்பு, குடிசைத் தொழிலாக வளர்ந்தது.

மயிரிழைப் பிளவு

எவர்சில்வர் தகட்டை அச்சில் வைத்து வெட்டவேண்டும். பெயர் பொறிக்கவேண்டும். பிறகு வளைத்து, நடுவே மயிரிழை போல் பிளந்து, முனையைத் தேய்த்து மெருகேற்றவேண்டும். பிளவு சற்று அகன்றால் பேனா மை கக்கும், நெருங்கினால் எழுதாது. விலை அற்பம், வேலையோ நுட்பம்!

மை எப்படி அளவாக இறங்குகிறது? நிப்புக்கு அடியில் உள்ள கட்டையில் மெல்லிய கோடுகள் உண்டு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, அந்தக் கோட்டின் வழியே மை நகர்கிறது. வெளியேறிய மைக்கு ஈடாகக் காற்று உள்ளே போகிறது. இப்படி ஓர் ஏற்பாட்டுக்கு அமெரிக்கரான வாட்டர்மன் 1884-ல் காப்புரிமை பெற்றார்.

வந்தது போட்டி

1938-ல் ஹங்கேரி நாட்டுப் பத்திரிகையாளர் பிரோ, உருளும் குண்டு வைத்த பால்பாயிண்ட் பேனாவுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு மைப் புட்டி வேண்டாம், பில்லர் வேண்டாம். தீர்ந்தால் வீசிவிடலாம். நம் நாட்டிலும் மாணவர்களும் குமாஸ்தாக்களும் அதன் பக்கம் சாய்ந்தார்கள். சாத்தூரில் நிப்புப் பட்டறைகள் பல மூடப்பட்டன. பழகிய கைகள் வேறு வேலைக்குப் போயின.

இப்போது மைப்பேனாவுக்கு மறுபடியும் யோகம் பிறந்திருக்கிறது. செல்போனில் தட்டித் தட்டிச் சலித்தவர்கள் மைப் புட்டியைத் தேடுகிறார்கள். திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் எபோனைட் கட்டையைக் கையால் கடைந்து செய்யும் பேனாக்கள் கடல் கடந்து போகின்றன. தமிழன் கைவண்ணத்துக்கு இது பெருமைதான். ஆனால் அவற்றில் பல பேனாக்களின் முனையில் இருப்பது ஜெர்மனி நிப்பு!

உடல் நம்முடையது, நாக்கு அயலூர். ஒரு காலத்தில் நிப்பு வெட்டிய ஊர் தமிழ்நாட்டிலேயே இருந்தும் இந்த நிலை. பட்டறைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. கேட்பார் இல்லாத சரக்கை எத்தனை நாள் செய்வார்? கைத்தொழில் புத்தகத்தில் தங்குவதில்லை, கையில்தான் தங்குகிறது. ஒரு தலைமுறை விட்டால், அடுத்த தலைமுறைக்குச் சொல்லித்தர ஆள் இராது.

வீட்டில் பழைய பேனா உண்டா?

உங்கள் மேஜையில் மை காய்ந்த பேனா கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். நிப்புப் பகுதியைப் பச்சைத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவிடுங்கள். வெந்நீர் கூடாது. மறுநாள் அலசித் துடைத்து, பேனா மை மட்டுமே ஊற்றுங்கள். படம் வரையும் இண்டியன் இங்க் கூடாது, அது அடைத்துக்கொள்ளும். நிப்பு தேய்ந்திருந்தால் கடையில் நிப்பை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்போது கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: “நம்ம ஊர் நிப்பு இருக்கா?” நாலு பேர் கேட்டால், அவரும் தேடுவார்.